தலைப்பெழுத்துக்குள் ஒரு தலைமுறை

தமிழ்நாட்டில் ஒருவரின் பெயர் பெரும்பாலும் ஒரே ஒரு பெயர்தான். அதற்கு முன்னால் ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும் நிற்கும். அந்த எழுத்து அப்பா பெயரின் முதல் எழுத்து. த. ஜெயகாந்தன் என்றால் தண்டபாணியின் மகன் ஜெயகாந்தன். அடுத்த தலைமுறைக்கு 'த' போய் 'ஜெ' வந்துவிடும். இந்தியாவின் பல மாநிலங்களிலும் ஐரோப்பாவிலும் தாத்தாவையும் பேரனையும் ஒரே கயிற்றில் கட்டி வைக்கும் குடும்பப் பெயர் இங்கே பெரும்பாலோருக்கு இல்லை. அரசுக் கடிதங்கள் இதைத் தலைப்பெழுத்து என்றும் முன்னெழுத்து என்றும் குறிப்பிடும். மக்கள் வாயில் அது 'இனிஷியல்'. ஓர் எழுத்துதானே என்று தோன்றலாம். ஆனால் யார் யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம், யார் பெயர் யாருக்குப் போகும், எந்தப் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும், எதை எழுதாமல் மறைக்க வேண்டும் என்ற பல கணக்குகள் அதற்குப் பின்னால் இருக்கின்றன.

முன்னெழுத்து ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று விதி இல்லை. உ.வே. சாமிநாதையரின் 'உ' அவருடைய ஊரான உத்தமதானபுரம்; 'வே' அப்பா வேங்கடசுப்பையர். அண்ணாதுரையின் ஆங்கில முன்னெழுத்துகளில் முதலாவது காஞ்சிபுரம், அடுத்தது நடராசன். அப்துல் கலாமின் மூன்று எழுத்துகளில் கொள்ளுத்தாத்தா அவுல், தாத்தா பக்கீர், அப்பா ஜைனுலாப்தீன் என மூன்று தலைமுறை வரிசையாக நிற்கிறது. மு.க. ஸ்டாலின் என்பதில் முத்துவேலரும் கருணாநிதியும் இருக்கிறார்கள். கர்நாடக இசையில் ஊர்ப் பெயர் ஆளையே விழுங்கிவிட்டது. செம்மங்குடி, அரியக்குடி என்று ஊரை மட்டும் சொன்னால் போதும், சீனிவாச ஐயரும் ராமானுஜ ஐயங்காரும் கண்முன் வந்துவிடுவார்கள்.

பக்கத்து மாநிலத்தில் வடிவம் இதேதான், உள்ளே இருப்பது வேறு. எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் 'எஸ்.பி.' என்பது ஸ்ரீபதி பண்டிதாராத்யுல. அது அப்பா பெயரல்ல; தெலுங்கர் வழக்கப்படி வரும் வீட்டுப் பெயர். அதனால்தான் அவருடைய தங்கை ஷைலஜாவுக்கும் மகன் சரணுக்கும் அதே எழுத்துகள். தமிழ் முறையில் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே எழுத்து வரலாம்; மகனுக்கு வராது.

இந்த முறை வெளியாட்களை எப்படிக் குழப்பும் என்பதற்கு நோபல் பரிசுப் பட்டியலே சாட்சி. இயற்பியலுக்காக 1930இல் பரிசு பெற்றவர் சி.வி. ராமன். அதே துறையில் 1983இல் பெற்றவர் அவருடைய அண்ணன் மகன் எஸ். சந்திரசேகர். இருவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று பெயரைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. ராமனின் 'சி' அப்பா சந்திரசேகர ஐயர். 'வி' இன்னொரு ஆள் இல்லை. வெங்கடராமன் என்ற ஒரே பெயர் எழுதும்போது இரண்டாகப் பிரிந்ததன் விளைவு. சந்திரசேகரின் 'எஸ்' அவருடைய அப்பா சுப்பிரமணிய ஐயர். தாத்தாவின் பெயர் பேரனுக்கு வந்திருக்கிறது, மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் என்ற வழக்கப்படி. அமெரிக்க சகாக்கள் அவரைச் சுருக்கமாகச் சந்திரா என்றார்கள். நாசா 1999இல் விண்ணுக்கு அனுப்பிய எக்ஸ்-கதிர் தொலைநோக்கிக்கும் சந்திரா என்றே பெயர். ஒரு வகையில் பார்த்தால் மேலே சுற்றிக்கொண்டிருப்பது தாத்தாவின் பெயரும்தான்.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது. அதே பெயரோடு தவழும் பிள்ளையை அவள் எப்படிக் கூப்பிடுவாள்? 'டேய் சுப்பிரமணி, சோறு தின்ன வாடா' என்றால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரை அதட்டியது போலாகிவிடும். அதனால் வீட்டுப் புழக்கத்துக்கு வேறொரு பெயர் வரும்: ராஜா, துரை, கண்ணன், அல்லது வெறும் தம்பி. பிள்ளை பள்ளியில் சேரும் நாளில்தான் சிலருக்குத் தங்கள் முழுப் பெயரே தெரியவரும். வீட்டுப் பெயர் ஒட்டிக்கொண்டு வளர்ந்த பிறகும் நிலைத்துவிட்டால் பத்திரத்தில் 'ராஜா என்கிற சுப்பிரமணியன்' என்று எழுத வேண்டியிருக்கும். ஆங்கில ஆவணங்களில் இந்த 'என்கிற'வுக்குத் தமிழ்நாட்டில் போடுவது மின்னஞ்சல் முகவரியில் வரும் அதே வட்டக் குறி. வெளியூர் வங்கி ஊழியர் அதைப் பார்த்துத் திகைப்பது உண்டு.

கணவன் பெயரைச் சொல்லாத வழக்கம் இன்னும் தெரிந்த ஒன்று. அரசு மருத்துவமனையில் சீட்டு எழுதும் இடத்தில் சற்று நேரம் நின்றால் கண்ணால் பார்க்கலாம். 'வீட்டுக்காரர் பேரு என்னம்மா?' என்று கேட்பார் எழுதுபவர். வயதான பெண் பக்கத்தில் நிற்கும் பேத்தியைப் பார்ப்பார்: 'நீ சொல்லுடி, உங்க தாத்தா பேரை.' துணைக்கு ஆள் வராத நாளில் பெயர் விடுகதையாக வெளிவரும். 'அஞ்சுக்கு அடுத்தது என்ன? அதோட முகத்தைச் சேத்துக்குங்க.' எழுதுபவருக்கு இது பழக்கம்தான். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஆறுமுகம் என்று எழுதி அடுத்த ஆளைக் கூப்பிடுவார். வீட்டில் அந்த ஆறுமுகம் 'என்னங்க', 'ஏங்க', 'இங்க பாருங்க', அதுவும் இல்லையென்றால் 'செல்வி அப்பா'. கணவன் மட்டும் மனைவியைப் பெயர் சொல்லி 'வா, போ' என்று கூப்பிடலாம். பெயரைச் சொல்லாதது அன்பு என்றும் மரியாதை என்றும் எத்தனை விளக்கம் சொன்னாலும், ஒரு பக்கம் மட்டும் நடக்கும் மரியாதை இது. இன்றைய நகரத்துத் தம்பதிகள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லியே கூப்பிடுகிறார்கள். 'பேர் சொல்லிக் கூப்பிடுறா' என்ற மாமியாரின் முறையீடும் கூடவே தொடர்கிறது.

வீட்டுக்கு வெளியேயும் பெயர் கடைசி வழிதான். பேருந்தில் நடத்துநர் 'அண்ணே, உள்ள போங்க', 'அக்கா, சில்லறை குடுங்க' என்பார். பயணி தன்னைவிட இளையவராகத் தெரிந்தால் 'தம்பி', நரைத்திருந்தால் 'ஐயா' அல்லது 'பெரியவரே'. யாருக்கும் யார் பெயரும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. வயதைக் கணித்து ஓர் உறவு முறையைக் கொடுத்துவிட்டால் பேச்சு நடக்கும். முன்பின் தெரியாதவரிடம் பெயரை எடுத்த எடுப்பிலேயே கேட்பது பல இடங்களில் நாகரிகம் ஆகாது. அரசியலிலும் இந்தப் பழக்கம் அப்படியே வந்துவிட்டது. அண்ணாதுரை அண்ணா ஆனார்; ஜெயலலிதா அம்மா ஆனார். ஈ.வெ. ராமசாமிக்கு 1938இல் சென்னையில் நடந்த பெண்கள் மாநாடு பெரியார் என்ற பட்டம் கொடுத்தது. அவருடைய இயற்பெயரை மேடையில் தனியாகச் சொல்வதே பிறகு எதிர்ப்பின் அடையாளம் ஆகிவிட்டது. அலுவலகங்களில் அந்த இடத்தை 'சார்', 'மேடம்' பிடித்துக்கொண்டன. மென்பொருள் நிறுவனங்களில் மேலாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்கிறார்கள். உள்ளே 'கார்த்திக்' என்று கூப்பிட்டவர் வெளியே தேநீர்க் கடையில் 'அண்ணா, நீங்க என்ன சாப்பிடுறீங்க' என்று கேட்பதைப் பழைய மகாபலிபுரம் சாலையில் எந்த மாலையிலும் கேட்கலாம்.

தாத்தா பாட்டியை விட்டால் பெயருக்கு அடுத்த ஊற்று குலதெய்வம். இசக்கியம்மாள், சுடலைமுத்து, பேச்சிமுத்து என்று கேட்டதும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் என்று ஊகித்துவிடலாம். அந்தோணி, சவேரியார் என்றால் கடற்கரை ஊர்கள் நினைவுக்கு வரும். பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில் அடுத்த குழந்தையைத் தவிட்டுக்கோ குப்பைக்கோ கொடுத்து வாங்கியதாகச் சடங்கு செய்து, பிச்சை, குப்பம்மாள், குப்புசாமி என்று பெயர் வைப்பார்கள். மூக்குக் குத்தி மூக்கன் என்று கூப்பிடுவதும் உண்டு. மதிப்பில்லாத பொருளை எமன் எடுத்துப் போக மாட்டான் என்பது நம்பிக்கை. இதே முறையில், பெண்ணாகவே பிறந்துகொண்டிருந்த வீடுகளில் இனி வேண்டாம் என்று சாமிக்குச் சொல்வதற்காக வைத்த பெயர் போதும்பொண்ணு. அந்தக் குழந்தை அந்தப் பெயரோடுதான் பள்ளிக்குப் போக வேண்டும், வருகைப் பதிவுக்கு எழுந்து நிற்க வேண்டும்.

பெயரில் சாதி வெளிப்படையாக நின்ற காலம் நெடியது. ஐயர், முதலியார், பிள்ளை, நாடார், செட்டியார், நாயக்கர் என்று பட்டம் பெயரோடு பிரிக்க முடியாமல் இருந்தது. பட்டம் இல்லாதவர்களுக்கு இன்னொரு கொடுமை. ஒடுக்கப்பட்ட சாதிகளில் பிறந்தவர் கருப்பசாமி என்று பெயர் வைத்திருந்தாலும் மேல்தெருவில் அவர் கருப்பன்தான். பெயரின் கடைசியில் வரும் 'சாமி'யைச் சொல்ல அந்தத் தெருவின் வாய் இடம் கொடுக்காது. எண்பது வயதுக்காரரை எட்டு வயதுப் பையன் 'டேய்' போட்டுக் கூப்பிட முடிந்ததும் இதே ஏற்பாட்டின் ஒரு பகுதி.

செங்கல்பட்டில் 1929 பிப்ரவரியில் முதல் மாகாண சுயமரியாதை மாநாடு கூடியது. தலைமை டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜார் அவர் பெயரால் வந்ததுதான். சாதியைக் காட்டும் பட்டங்களையும் குறிகளையும் கைவிட வேண்டும் என்று அந்த மாநாடு தீர்மானித்தது. ஈ.வெ. ராமசாமி நாயக்கர் என்று அறியப்பட்டிருந்தவர் ஈ.வெ. ராமசாமி ஆனார். இயக்கத்தில் இருந்தவர்களோடு இது நிற்கவில்லை. அடுத்த சில பத்தாண்டுகளில், இயக்கத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத குடும்பங்களும், ஏன், அதை எதிர்த்தவர்களும்கூடப் பிள்ளைகளைப் பட்டம் இல்லாமல் பள்ளியில் சேர்த்தார்கள். பட்டம் நின்ற இடம் காலியானபோது முன்னெழுத்து மட்டும் மிஞ்சியது. இன்று தமிழ்நாட்டு வகுப்பறையின் வருகைப் பதிவேட்டில் சாதிப் பட்டத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். பானர்ஜி, பட்டேல், ரெட்டி என்று பெயரிலேயே எல்லாம் தெரிந்துவிடும் மாநிலங்களிலிருந்து வருபவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்.

சாதி பெயரிலிருந்து போனது உண்மை, விசாரணையிலிருந்து போகவில்லை. 'தம்பிக்கு எந்த ஊரு?', 'ஊர்ல எந்தத் தெரு?', 'யார் வீட்டுப் பிள்ளை?', 'குலதெய்வம் எது?' என்ற நான்கு கேள்விகள் பட்டம் செய்த வேலையைச் செய்துவிடுகின்றன. வாடகைக்கு வீடு தேடுபவருக்கு இந்த வரிசை மனப்பாடம். ஆனாலும் கேட்டால்தான் தெரியும் என்பதற்கும் பார்த்தாலே தெரியும் என்பதற்கும் வேறுபாடு உண்டு. விடைத்தாளைத் திருத்துபவருக்கும் நேர்காணலுக்கு அழைப்பவருக்கும் அந்தக் கேள்விகளைக் கேட்கும் வாய்ப்பு இல்லை.

பட்டத்தை விட்டதோடு சிலர் நிற்கவில்லை; பெயரையே மாற்றினார்கள். சுவாமி வேதாசலம் 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியபின் மறைமலையடிகள் ஆனார். அவருக்கு முன்பே சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற் கலைஞர் என்று எழுதியிருந்தார். திராவிட இயக்கத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும், ராமையா அன்பழகனாகவும், சாரங்கபாணி வீரமணியாகவும் மாறினார்கள். தலைவர்களுக்குப் பின்னால் தொண்டர்கள், தொண்டர்களுக்குப் பின்னால் அவர்களுடைய பிள்ளைகள் என்று இளங்கோ, கயல்விழி, தமிழ்ச்செல்வி எல்லாம் வகுப்புக்கு இருவர் மூவர் என்று பெருகிய காலம் அது. மகன் பெயரை மாற்றுவது சரி, அப்பா பெயரை என்ன செய்வது? தொல். திருமாவளவன் அதற்கும் வழி கண்டார். ராமசாமி என்ற தந்தையின் பெயரைத் தொல்காப்பியன் என்று மாற்றினார். முன்னெழுத்து மாற வேண்டுமென்றால் முந்தைய தலைமுறையைத்தானே தொட வேண்டும்.

முன்னெழுத்தின் ஆண்வழிச் சாயல் எளிதில் கண்ணில் படாது, அவ்வளவு இயல்பாகிவிட்டது. 'இனிஷியல் இல்லாதவன்' என்பது தமிழில் கடும் வசவு. 'என் பிள்ளைக்கு இனிஷியல் கொடு' என்று நாயகி கதறும் காட்சி இல்லாத பத்தாண்டு தமிழ்த் திரையில் இருந்திருக்காது. பெண்ணுக்குத் திருமணம் ஆனதும் அப்பாவின் எழுத்து போய்க் கணவனின் எழுத்து வரும். அப்பாவுக்கும் கணவனுக்கும் ஒரே எழுத்தாக அமைந்தால் சான்றிதழ் மாற்றும் அலைச்சல் மிச்சம் என்பார்கள். விதிவிலக்குகள் இசையில் கிடைக்கின்றன. எம்.எஸ். சுப்புலட்சுமியின் 'எம்' மதுரை, 'எஸ்' அவருடைய அம்மாவான வீணைக் கலைஞர் சண்முகவடிவு. எம்.எல். வசந்தகுமாரியின் 'எல்' அம்மா லலிதாங்கி, அவரும் பாடகி. கலை தாயிடமிருந்து மகளுக்குப் போன குடும்பங்களில் எழுத்தும் அந்த வழியிலேயே போயிருக்கிறது.

கடல் கடந்த தமிழர்களிடம் இதே முறை நாட்டுக்கு ஒரு வடிவம் எடுத்தது. மலேசியாவில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் மகனுக்கு 'அனாக் லெலாக்கி', மகளுக்கு 'அனாக் பெரெம்புவான்' என்ற மலாய்த் தொடர்களின் சுருக்கம் வரும். சிங்கப்பூரில் அதே இடத்தில் ஆங்கிலச் சுருக்கம். அந்நாட்டில் 2023இல் அதிபரான தர்மன் சண்முகரத்னத்தை அங்கே அதிபர் தர்மன் என்றே சொல்கிறார்கள். சண்முகரத்னம் அவருடைய அப்பா என்பது அங்கே விளக்கத் தேவையில்லாத செய்தி.

மேற்கு நாடுகளில் கதை வேறு. கடைசியில் இருப்பது குடும்பப் பெயர் என்று அங்கே எடுத்துக்கொள்வார்கள். முதலில் இருப்பதுதான் நண்பர்கள் கூப்பிடும் பெயர். விஸ்வநாதன் ஆனந்தைச் சதுரங்க உலகம் செல்லமாக 'விஷி' என்று அழைத்தது. அவருடைய அப்பாவின் பெயரை வைத்து அவரைக் கொஞ்சியிருக்கிறார்கள். பிச்சை சுந்தரராஜன் அமெரிக்காவில் சுந்தர் பிச்சை ஆனார். ஊரில் முன்னால் புள்ளி வைத்த ஓர் எழுத்தாக அடங்கியிருக்கக் கூடிய அப்பா பெயர் அங்கே கூகுளின் தலைவருக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. நடிகை மிண்டி கேலிங்கின் 'கேலிங்' அப்பா சொக்கலிங்கத்தின் பெயரிலிருந்து வெட்டி எடுத்தது. கனடா அரசியல்வாதி கெரி ஆனந்தசங்கரியின் அப்பா இலங்கைத் தமிழ் அரசியல்வாதி வீ. ஆனந்தசங்கரி. இலங்கையில் என்றால் அந்தப் பெயர் ஒரு தலைமுறையோடு இடம் மாறிவிடும். கனடாவில் அது பேரப்பிள்ளைகளுக்கும் தொடரக் கூடியது.

உலகில் தமிழர்கள் மட்டும் இப்படி இல்லை. ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குப் பெற்றவர் பெயரோடு மகன், மகள் என்ற சொல் சேர்ந்ததே இரண்டாம் பெயர். தொலைபேசிப் புத்தகத்தில் ஆட்களை இயற்பெயர் வரிசையில்தான் அடுக்கினார்கள். பர்மியர்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. ஆனால் விமான நிறுவனமும் விசா அலுவலகமும் அச்சிடும் படிவம் இவர்களில் யாரையும் மனதில் வைத்துச் செய்ததல்ல.

அந்தப் படிவத்தோடு நடக்கும் மல்லுக்கட்டு தமிழ்நாட்டுக் குடும்பங்களில் இப்போது அன்றாடம். ஆதாரில் பெயருக்கு ஒரே கட்டம்; அங்கே 'எஸ். கவிதா' இருக்கலாம். வருமான வரித் துறையின் பான் அட்டைக்கு முன்னெழுத்தை விரித்து எழுத வேண்டும். கடைசிப் பெயர் கட்டாயம். கடவுச்சீட்டில் இயற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம். ஒன்றில் கவிதா சுப்பையா, இன்னொன்றில் சுப்பையா கவிதா, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் கவிதா எஸ். மூன்றும் ஒரே ஆள்தான் என்று காட்ட நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கியவர்கள் ஏராளம். ஒரே கட்டத்தில் மட்டும் பெயர் உள்ள கடவுச்சீட்டோடு அமெரிக்க விசா வாங்கினால் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அச்சாகிவரும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டோடு வருகை விசாவில் வருபவர்களை அனுமதிக்க முடியாது என்று அறிவித்தது. கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்ற விளக்கம் பிறகு வந்தது. உள்ளூரில் திசை வேறு: தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் ஆணையிட்டது. 'எஸ். கவிதா' தமிழில் 'சு. கவிதா' ஆக வேண்டும். ஆங்கில ஆவணத்தில் அதே எழுத்து 'எஸ்' என்றே தொடரும்.

பெரியவர்கள் அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்புக் கொடுத்துச் சரிசெய்துகொள்கிறார்கள். இளம் பெற்றோர் தொடக்கத்திலேயே முன்யோசனையோடு இருக்கிறார்கள். பிறப்பைப் பதிந்தபின் குழந்தையின் பெயரைச் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் கிடையாது. அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம். அந்த இடைவெளியில் வீட்டில் பேச்சு நடக்கிறது. அப்பா பெயரை முழுதாகப் பின்னால் சேர்ப்பதா, வெறும் எழுத்தாக முன்னால் போடுவதா, அம்மாவின் எழுத்தையும் சேர்த்து இரண்டாக வைப்பதா, தாத்தா பெயரை இரண்டாம் பெயராகவாவது நுழைக்க முடியுமா என்று தாத்தாவும் கேட்டுக்கொண்டிருப்பார்.